இனி நீர் வேண்டாம்

போர்ட் மாத்துரேன், ரொட்ரிக்ஸ் தீவு
12 ஆகஸ்ட் 1959

பாக்கியம் அவர்களுக்கு,

கப்பல் என்னைக் கரையில் துப்பிவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகிறது. தலை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. படித்துவிட்டுச் சிரிப்பீர். சிரியும், அங்கே யாராவது சிரித்தால் சரி.

இந்த ஆஸ்பத்திரியின் மருந்தறை இனி என் பொறுப்பு. மொரீஸில் நம் பீனிக்ஸ் ஊரில் துணி காயாது என்று புலம்புவோமே, இங்கே தொண்டை காய்கிறது. மழை என்பது பெரியவர்கள் பேச்சில் வருவதோடு சரி. மருந்தறைக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு வேலி இருக்கிறது. என்னவென்று போய்ப் பார்த்தால் முழுக்க ரோமாரேன், இங்கிலீஷ்காரர் ரோஸ்மேரி என்பார்களே, அந்த வாசனைச் செடி. முன்பு இருந்த டாக்டர் யாரோ வைத்ததாம். ஒருவரும் கவனிப்பதில்லை, ஆடுகூடக் கடிப்பதில்லை. அது பாட்டுக்கு நிற்கிறது. ஒரு தடவை கையால் தடவிவிட்டு வந்தேன், மருந்து வாடையையும் மீறி மாலை வரை கை மணத்தது.

துறைமுகத்தில் நான் உம்மைக் கேட்டதற்கு நீர் என்ன சொன்னீர், நினைவிருக்கிறதா? "எங்க வீட்டு மழையில ஒரு ரோமாரேன் பொழைக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றீர். பேச்சை மாற்றத்தான் சொன்னீர் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் தரவில்லை, ஆகவே அதையே பிடித்துக்கொண்டேன். லீவில் வருகிற நர்ஸ் ஜினெட்டிடம் ஒரு தொட்டி கொடுத்தனுப்புகிறேன். உம் மாமியாரின் இருமலுக்குக் கஷாயம் போட என்று சொல்லி வாங்கி வையும். அது பொய்யும் இல்லை.

பிரெஞ்சில் எழுதினால் உம் மாமியார் படிப்பார். அவருக்கு முன்னால் தபால்காரர் படிப்பார். கோவில் வகுப்பில் நாம் கற்ற தமிழ் இதற்காவது உதவட்டும். பிரெஞ்சில் 'வூ' என்றால் தமிழில் 'நீர்' என்று வாத்தியார் சொல்லித் தந்தார், அதனால் நீர் என்று எழுதுகிறேன். தப்பென்றால் அவரைத் திட்டும்.

உம் கணவர் ராஜன் இறந்து ஏழு வருஷமாகிறது. மறுபடியும் கேட்கிறேன். என்னைக் கட்டிக்கொள்வீரா?

நாகலிங்கம்


பீனிக்ஸ்
3 அக்டோபர் 1959

நாகலிங்கம் அவர்களுக்கு,

உம் செடி செத்துவிட்டது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னைக் குறை சொல்ல முடியாது. துளசிக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தேன். துளசிக்குச் செய்வதில் ஒன்றைக்கூட அதற்குக் குறைக்கவில்லை. மாமியார் வேறு அதற்கும் குங்குமம் வைத்தார். மணக்கிற செடியெல்லாம் சாமிச்செடி என்பது அவர் எண்ணம். அப்படியிருந்தும் அடியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. இலை உதிர்ந்தது, குச்சியை இழுத்தால் வேர் சேறாகக் கையோடு வந்தது. நான் அழுதேன். ஒரு குச்சிக்கு அழுகிற பெண் என்று மாமியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உம் கடிதம் வந்த அன்று நான் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கடிதம் சாமி மாடத்தில், கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாமியார் பிரித்து, விபூதி பூசி வைத்திருக்கிறார். "பாப்யே கோவில், மோ திஃபி" என்கிறார். மகளே, இது கோவில் காகிதமாம். அவருக்குத் தமிழ் எழுத்து என்றாலே அது சாமி காரியம்தான். என்னைக் கட்டிக்கொள்வீரா என்று நீர் கேட்ட வரியின் மேல் பட்டையாக விபூதி. சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றேன், போம்.

நீர் கேட்டது கேட்டபடி இருக்கட்டும். ராஜன் படத்துக்குப் பூ வைப்பது நான். அவர் அம்மாவுக்குக் காலையில் தேநீர் போட்டுக் கொடுப்பதும் நான். கேட்டுவிட்டுக் கப்பல் ஏறிப் போய்விடுவது சுலபம், கேள்வியோடு வீட்டில் இருப்பவளுக்கு அல்லவா தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனால் ஆண்கள் பக்கம் பார்க்கிறேன். நீர் இல்லை என்று தெரிந்துதான் பார்க்கிறேன். இதைப் படித்துவிட்டு ரொம்பவும் மகிழ்ந்துவிடாதேயும்.

பாக்கியம்


போர்ட் மாத்துரேன்
10 நவம்பர் 1959

பாக்கியம் அவர்களுக்கு,

மகிழாதேயும் என்றீர். உம் பேச்சைக் கேட்கவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மருந்து கலக்கினேன். யாருக்கும் தப்பாகக் கொடுக்காமல் கடவுள் காப்பாற்றினார்.

செடியைப் பற்றி யோசித்தேன். குற்றம் உம் மண்ணில் இருக்கும். பீனிக்ஸ் மண் கறுப்பு, பிசைந்தால் மாவாக ஒட்டும். இங்கே வேலியின் அடியைத் தோண்டிப் பார்த்தேன். பவளக்கல் பொடி, மணல், சுண்ணாம்பு, அவ்வளவுதான். உரம் என்ற பேச்சே இல்லை. அடுத்த தொட்டியை இந்த மண்ணோடேயே அனுப்புகிறேன், உம் மண்ணை ஒரு பிடிகூடக் கலக்காதேயும். துளசியிடமிருந்து தள்ளி வையும். சுற்றிக் காற்று ஓட வேண்டும், இல்லாவிட்டால் இலையில் வெள்ளையாக மாவு பூக்கும். பூத்த கிளையை வெட்டி எறிந்துவிடும். நுனியை அவ்வப்போது கிள்ளினால் அடர்த்தியாகும், ஆனால் இலையில்லாத பழைய கட்டையில் கத்தி வைக்காதேயும், அங்கே மறுபடி துளிர்க்காது.

செடிப் பேச்சு போதும். எனக்கு உம்மேல் வருத்தம் இருக்கிறது. கேட்டது கேட்டபடி இருக்கட்டும் என்றால் எத்தனை நாளைக்கு? மார்ச் முடிவதற்குள் நான் இங்கே இன்னும் மூன்று வருஷம் இருப்பேனா, ஊர் திரும்புவேனா என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்க வேண்டும். நீர் சரி என்றால் திரும்பிவிடுவேன். இல்லை என்றால் பீனிக்ஸில் உம் வீட்டு வாசலைக் கடந்து தினமும் வேலைக்குப் போக என்னால் முடியாது, இங்கேயே கிடப்பேன். உம் ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

மாலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் உம் தையல் மெஷின் சத்தம் காதில் கேட்கிறது. இங்கே மெஷினே கிடையாது.

நாகலிங்கம்


5 பிப்ரவரி 1960
(தொட்டியின் கழுத்தில் கட்டி வந்த மருந்துச் சீட்டு)

இனி நீர் வேண்டாம். வெயில் போதும்.
நா.


போர்ட் மாத்துரேன்
15 மார்ச் 1960

பாக்கியம்,

உயிரோடு இருக்கிறீரா?

கம்பியில்லாத் தந்தியில் வந்த செய்தி மட்டும்தான் எங்களுக்கு. கரோல் என்று பெண் பேர் வைத்த புயல் மொரீஸையே புரட்டிப் போட்டுவிட்டதாம். எத்தனை வீடு, எத்தனை ஆள், எந்த ஊர், ஒன்றும் சரியாகச் சொல்லமாட்டேன் என்கிறார்கள். தந்தி அறை வாசலிலேயே நிற்கிறேன். பீனிக்ஸ் என்ற பேர் வந்ததா என்று கேட்டுக் கேட்டு அந்த ஆள் என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்துகிறார்.

உம் வீட்டுத் தகரக் கூரையில் இரண்டு இடத்தில் ஆணி கழன்றிருந்தது. புறப்படும் முன் அடித்துக் கொடுத்திருக்கலாம். அந்த நினைப்பு என்னைச் சோறு தின்ன விடவில்லை.

பதில் எதுவும் சொல்ல வேண்டாம். என்னைக் கட்டிக்கொள்ளவும் வேண்டாம். இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை எழுதும்.

நாகலிங்கம்


போர்ட் மாத்துரேன்
22 ஏப்ரல் 1960

பாக்கியம் அவர்களுக்கு,

கப்பல் வந்தது. உம் கடிதம் வரவில்லை. உமக்குத் தொட்டியைக் கொண்டுவந்து கொடுத்த கப்பல்காரர் க்ளோடைப் பிடித்து உலுக்கினேன். பீனிக்ஸ் பக்கம் போயிருந்தாராம். கூரை போய்விட்டது, மாமியாரும் மருமகளும் சுகம், மருமகள் வாசலில் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள் என்றார்.

தெய்வத்துக்கு நன்றி சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது. உமக்குத் தைக்கக் கை இருக்கிறது, எழுதத்தான் இல்லை.

மார்ச் கடைசி வரை காத்திருந்தேன். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் மூன்று வருஷம் இங்கேதான். ஊருக்குத் திரும்பும் இடம் என்னோடு வேலை செய்த ஜெராருக்குப் போனது, அவர் போன வாரமே மூட்டை கட்டிவிட்டார். உமக்கு இனித் தொந்தரவு இருக்காது. இல்லை என்று நேராகச் சொல்லியிருந்தால் நான் என்ன சண்டைக்கா வந்திருப்பேன்?

நாகலிங்கம்


பீனிக்ஸ்
8 மே 1960

நாகலிங்கம் அவர்களுக்கு,

நேராகச் சொல்லவில்லை என்று என்னைக் கேட்கிறீர். நீர் நேராகச் சொன்னது போதாதா?

"இனி நீர் வேண்டாம். வெயில் போதும்." அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ரொட்ரிக்ஸ் வெயில் உமக்குப் போதும், நான் வேண்டாம், அதுதானே? நான் இரண்டு கப்பலுக்கு எழுதவில்லை, அது உண்மை. சும்மா இருக்கவில்லை, எழுதி எழுதிக் கிழித்தேன். சரி என்று எழுதினால் மாமியார் முகம் வருகிறது, இல்லை என்று எழுதக் கை வரவில்லை. சலித்துவிட்டீர் என்றால் உம் பக்கமும் நியாயம் உண்டு. அதற்காக ஒரு மருந்துச் சீட்டில், செடியின் கழுத்தில் கட்டி, ஒரு வரியா? கடைக்காரர்கூட இதைவிட மரியாதையாகக் கதவைச் சாத்துவார்.

வேண்டாம் என்று எழுதிவிட்டு மார்ச்சில் உயிரோடு இருக்கிறீரா என்று கேட்டீர். அது இரக்கம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு உம் இரக்கம் எதற்கு? புயல் அன்று பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் கிடந்தோம். மாமியார் முருகா முருகா என்று கத்துகிறார். நான் உம்மை நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். வேண்டாம் என்ற ஆளை அந்த நேரத்திலும் விட முடியவில்லையே என்று என்மேல் எனக்கே கோபம்.

நீர் அனுப்பிய தொட்டியைச் சமையலறைக்குப் பின்னால் தூக்கிப் போட்டேன். செத்துத் தொலையட்டும் என்றுதான் போட்டேன். அந்தப் பக்கமே போவதில்லை. மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டீராமே, நல்லது. வெயில் காய்ந்துகொண்டு சுகமாக இரும்.

பாக்கியம்

19 மே

கப்பல் இன்னும் வரவில்லை, அதனால் மேலே உள்ள கடிதம் என்னிடமே இருக்கிறது. கிழிக்கப் போனேன். பிறகு, நான் பட்டதை நீரும் படியும் என்று விட்டுவிட்டேன். இதையும் சேர்த்துப் படியும்.

இன்று பக்கத்து வீட்டு மார்லென் துணி உலர்த்த இடம் தேடிப் பின்பக்கம் போனாள். அங்கிருந்து ஒரே கூச்சல். "ஆலா ஸோலி ரோமாரேன்!" எவ்வளவு அழகான ரோமாரேன் என்கிறாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். புயல் தொட்டியை உருட்டிச் சுவருக்கும் கல்லுக்கும் நடுவில் செருகிவிட்டிருக்கிறது. தொட்டியில் ஒரு பக்கம் உடைந்து, பெய்த மழையெல்லாம் அந்த வழியாக ஓடியிருக்கிறது. செடி நிற்கிறது! வந்தபோது ஒரு சாண்தான் இருந்தது. இப்போது அதற்கு மேலே புதுத் துளிர், துளிருக்கு நடுவில் நீலமாக இரண்டு பூ.

எப்படி வளர்த்தாய் என்று கேட்டாள் மார்லென். ஒன்றும் செய்யவில்லை, சாகட்டும் என்று விட்டேன் என்றேன். "தோ பா தோன் லி தெலோ?" என்றாள். அதற்குத் தெலோவே கொடுக்கவில்லையா என்று கேட்கிறாள்.

கிரியோலில் எது கேட்டாலும் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பது எனக்கு வகுப்பிலிருந்து வந்த பழக்கம், உமக்கே தெரியும். தெலோ என்றால் தண்ணீர். தண்ணீர் என்றால் நீர். மார்லெனின் துணிக்கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் துணியை மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

நாகலிங்கம், உண்மையைச் சொல்லும். நீர் வேண்டாம் என்றது என்னையா, தண்ணீரையா? துளசிக்கு ஊற்றுகிற செம்பால் அந்த முதல் செடிக்கும் தினமும் ஊற்றினேன். கறுக்கக் கறுக்க இன்னும் ஊற்றினேன். ஐயோ, நான் முட்டாள். தண்ணீரைத்தான் என்றால் என் மூன்று மாசக் கண்ணீருக்கு யாரைக் கேட்பேன்? அந்தக் கையெழுத்தை அழிக்க வழி இருக்கிறதா?

பாக்கியம்


போர்ட் மாத்துரேன்
25 ஜூன் 1960

பாக்கியம்,

தண்ணீரைத்தான். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், செம்புத் தண்ணீர். உங்களை அல்ல. உங்களை வேண்டாம் என்று எழுத என் கைக்கு வருமா?

பாருங்கள், இனி நான் நீர் என்றே எழுதப் போவதில்லை. நீங்கள்தான். பிரெஞ்சுக்காரன் எதையாவது சொல்லிவிட்டுப் போகட்டும்.

நடந்தது இதுதான். தொட்டியை க்ளோடிடம் கொடுத்துவிட்டேன். படகு கரையை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் உங்கள் கடிதத்தில் இருந்த வரி ஒன்று மண்டையில் அடித்தது. துளசிக்குச் செய்வதில் ஒன்றும் குறைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே. அப்படியானால் தினமும் செம்புத் தண்ணீர்! மண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய மேதாவிக்கு அது அதுவரை தோன்றவில்லை. சட்டைப்பையில் மருந்துச் சீட்டுத்தான் இருந்தது. க்ளோட் கத்துகிறார். எழுதிக் கட்டிவிட்டேன். எழுதிவிட்டு என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன், கேளுங்கள்.

கையெழுத்தை அழிக்க முடியாது. பெரிய டாக்டரிடம் போய் நின்றேன். என்ன காரணம் என்று கேட்டார். தமிழில் ஒரு வார்த்தைக்கு இரண்டு பொருள் என்றேன். என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். 1963 வரை நான் இங்கிருந்து அசைய முடியாது.

ஆகவே நான் வருவதற்கில்லை. நீங்கள்தான் வர வேண்டும். எவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன். இங்கே கோவில் இல்லை. தமிழில் பேச ஓர் ஆள் இல்லை. காய்கறி அருமை, தண்ணீர் அதைவிட அருமை. ஆஸ்பத்திரி வீட்டில் இரண்டு அறை இருக்கிறது, ஒன்று காலியாகவே கிடக்கிறது. அம்மாவையும் அழைத்து வாருங்கள், அவரை விட்டுவிட்டு வரச்சொல்ல நான் யார்?

கப்பல் தெரிந்தால் ஊரே கரைக்கு ஓடுகிறது. அரிசி வருகிறதா, துணி வருகிறதா என்று பார்க்க ஓடுகிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் இறங்குகிற முகங்களைப் பார்க்கிறேன். நீங்கள் அதில் இருக்க வழியே இல்லாத மாதங்களிலும் பார்த்தேன்.

நாகலிங்கம்


பீனிக்ஸ்
2 ஆகஸ்ட் 1960

நாகலிங்கம் அவர்களுக்கு,

நீங்கள் வேண்டாம். படித்ததும் திடுக்கிட்டீரா? நன்றாக வேண்டும். அந்த 'நீங்கள்' வேண்டாம் என்கிறேன். பள்ளி இன்ஸ்பெக்டர் எனக்கு எழுதினது போல இருக்கிறது. நீர் எனக்கு நீர்தான். செடிக்கு வேண்டுமானால் தண்ணீர் என்று எழுதிக்கொள்ளும்.

உம் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயம் மாமியாரிடம் மட்டும் இல்லை, இப்போது அதையும் சொல்லிவிடுகிறேன். உம்மை நினைத்துக்கொண்டே இருப்பது பழகிவிட்டது. அதில் ஒரு சுகம் இருக்கிறது, யாரும் அதை என்னிடமிருந்து எடுக்க முடியாது. பக்கத்தில் வந்துவிட்டால் நீர் இருமுவீர், கோபப்படுவீர், ஒரு நாள் ராஜனைப் போலச் செத்தும் போவீர். மறுபடி ஒருமுறை அதைத் தாங்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை மாமியார் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்வது போல ஆய்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாமி மாடத்தில் வைத்த காகிதம் என்ன காகிதம் என்பதையும் சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது. எழுந்து கூடத்துக்குப் போனார். ராஜன் படத்தை எடுத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, நேரம் எடுத்துத் துடைத்து, மறுபடி ஆணியில் மாட்டினார். நான் கீரையைப் பார்த்துக்கொண்டே அழுதேன். "மன்னிச்சிடுங்க அம்மா, நான் போகல, எங்கேயும் போகல" என்றேன்.

திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "மோ கார்ஸோன் கி ஃபின் மோர்" என்றார். "த்வா, தோ பா ஃபின் மோர்."

என் மகன்தான் செத்தான். நீ சாகவில்லை.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மீதிக் கீரையையும் ஆய்ந்து முடித்தோம். சாப்பிட்ட பிறகு, அந்த ஊரில் கீரை கிடைக்குமா, கடலில் குமட்டினால் என்ன செய்வது என்று கேட்டார். அடுத்த நாள் காலையில் பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார்.

செடியை மார்லெனிடம் கொடுத்துவிட்டேன். உடைந்த தொட்டியை மாற்றாதே, பிரியம் வைத்துக் கொன்றுவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். அங்கே வேலியே இருக்கும்போது ஒரு செடியை எதற்குச் சுமக்க?

செப்டம்பர் கப்பலில் இரண்டு பேருக்கு இடம் சொல்லியாகிவிட்டது. இந்தக் கடிதம் இந்த மாசக் கப்பலில் வரும், நாங்கள் அடுத்ததில். ராஜன் படமும் வருகிறது. உமக்கு அது சம்மதமா என்று நான் கேட்கவில்லை, சொல்கிறேன்.

எழுத்தில் இவ்வளவு வாய் பேசுகிறேனே, நேரில் நின்றால் ஒரு வார்த்தை வராது. நீரும் ஒன்றும் பேச வேண்டாம். கப்பலிலிருந்து படகுக்கு மாறித்தான் கரைக்கு வர வேண்டும் என்று க்ளோட் சொன்னார். அம்மாவுக்குப் படகு என்றாலே நடுக்கம், ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டார். படகு வந்ததும் நீர் என்னைத்தான் பார்ப்பீர், எனக்குத் தெரியும். பார்த்துக்கொள்ளும். கையை மட்டும் முதலில் அவருக்குக் கொடும்.

பாக்கியம்